அட்ரஸ் அண்ணா போட்ட சிவப்பு

பெங்களூரில் ஆறாவது கிராஸ் என்ற பெயரில் மொத்தம் எத்தனை தெரு இருக்கிறது என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் கடவுள், இன்னொருவர் அட்ரஸ் அண்ணா. இதில் கடவுளுக்கு ஒன்றிரண்டு விட்டுப்போயிருக்கலாம்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். செக்யூரிட்டி முதல் கேன்டீன்காரர் வரை எங்கள் ஆபீஸில் எல்லாருக்கும் அவர் அட்ரஸ் அண்ணாதான். நாற்பத்தைந்து வயது, தேய்ந்த செருப்பு, பெடல் ஒன்று போன மொபெட், தலையில் ஹெல்மெட். அந்த ஹெல்மெட்டை லிஃப்டில்கூடக் கழற்ற மாட்டார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "கழட்டினா எங்கனா வெச்சுட்டு மறந்துடுவேன் ஸார். தலையை மறக்க மாட்டேன்ல?" என்றார்.

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம். கோரமங்களாவில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் எச்.ஆர். பிரிவில் நான் கடைசி நாற்காலி. புதிதாகச் சேருகிறவர்களை வரவேற்று, பதினாறு பக்க ஃபாரம் கொடுத்து, போட்டோ ஒட்டவைத்து, கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிவிடுவது என் வேலை. நானே சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அந்த நேரம் பார்த்து அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவர், தன் வேலையைச் செய்கிறவர்கள் சொன்ன வீட்டில்தான் இருக்கிறார்களா, சொன்ன கம்பெனியில்தான் முன்பு இருந்தார்களா என்று விசாரித்துச் சொல்லுங்கள் என எழுதிவிட்டார். அந்த வருஷம் சேர்ந்த அத்தனை பேரையும் விசாரிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பச்சை வந்தால் வேலை நிரந்தரம். மஞ்சள் வந்தால் மறுபடி விசாரணை. சிவப்பு வந்தால் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

உத்தரவைப் படித்ததும் முதலில் என் ஃபாரத்தைத்தான் தேடி எடுத்தேன். அதற்குக் காரணம் உண்டு.

திருப்பத்தூரிலிருந்து வந்து நான் முதலில் சேர்ந்தது இந்திரா நகரில் ஒரு டாட்காம் கம்பெனி. இன்டர்நெட்டில் கத்தரிக்காய் விற்றார்கள். ஏழு மாதம் விற்றார்கள், பிறகு கம்பெனியையே மூடிவிட்டார்கள். வேறு வேலை கிடைக்கவில்லை. காக்ஸ் டவுனில் நான் வாடகைக்கு இருந்த அறைக்கு இரண்டு தெரு தள்ளி லூர்து அங்கிள் என்பவரின் பேக்கரி இருந்தது. எட்டு மாதம் அங்கே கவுன்ட்டரில் நின்று காரா பன்னும் தேங்காய்ப்பூ வைத்த தில்பசந்தும் கட்டிக் கொடுத்தேன். ஊரில் இது யாருக்கும் தெரியாது. என் அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் பையன் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த வேலைக்கு ஃபாரம் நிரப்பும்போது என் பழைய டாட்காம் நண்பன்தான் யோசனை சொன்னான். "மூடின கம்பெனிதானே மச்சி? போன மாசம் வரைக்கும் அங்கதான் இருந்தேன்னு போடு. எவன் போய்ப் பாக்கப் போறான்? ரெஃபரன்ஸுக்கு என் நம்பரைக் குடு." ஊரே அப்போது அனுபவத்தை இப்படி ரப்பர் போல இழுத்துக்கொண்டிருந்தது. நானும் எட்டு மாதம் இழுத்துவிட்டேன்.

எவன் போய்ப் பார்க்கப் போகிறான் என்று நண்பன் கேட்டதற்குப் பதில், ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் ஆபீஸுக்குள் வந்தது.

விசாரணையை எடுத்துச் செய்த ஏஜென்ஸி இரண்டே அறை கொண்டது. அதன் கால், கை, கண் எல்லாமே அட்ரஸ் அண்ணா. பெங்களூரிலேயே ஒக்கலிபுரத்துக்காரர், தமிழ் மீடியத்தில் படித்தவர், முன்பு கூரியர் கொண்டுபோனவர். அறிக்கை எழுதுவது தமிழில்தான். அதை ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டதாம். எங்கள் மேனேஜர் ஷைலஜா மேடம் மைசூர்க்காரர். தமிழ் பேசினால் புரியும், படிக்க ஓர் எழுத்து தெரியாது. "நம்ம கிட்டேதான் தமிழ் ஹுடுகா, தமிழ்ப் பையன் ஒருத்தன் இருக்கானே, அவன் பண்ணட்டும்" என்று என்னைக் கைகாட்டிவிட்டார்.

ஆக, அட்ரஸ் அண்ணா எழுதிய ஒவ்வொரு வரியும் என் வழியாகத்தான் மேடத்துக்குப் போகும். என் ஃபாரம் மட்டும் எங்கேயும் போகவில்லை. கட்டின் அடியில் வைத்திருந்தேன். மேலிருந்து பத்துப் பத்தாக ஃபாரங்கள் குறையக் குறைய, புதிதாகச் சேருகிறவர்களின் ஃபாரங்களை மேலே அடுக்கிக்கொண்டே போனேன். கம்பெனி இப்படியே ஆள் எடுத்துக்கொண்டிருந்தால் நான் ஓய்வு பெறும் வரை தப்பித்துவிடலாம் என்று ஒரு கணக்கு.

அவருடைய அறிக்கைகள் சாதாரணமானவை அல்ல. அக்கம்பக்கத்தார் கருத்து என்று ஃபாரத்தில் விரல் அகலத்துக்கு ஓர் இடம் இருக்கும். வேறு யாராக இருந்தாலும் 'நல்லவர்' என்று எழுதி முடித்திருப்பார்கள். அண்ணா முழு வெள்ளைத்தாள் மூன்று இணைப்பார். ஜெயநகரில் ஒரு பையனைப் பற்றிப் பக்கத்து வீட்டு அம்மாள், அவன் தினமும் தன் கோலத்தின் மேல் பைக்கை நிறுத்துகிறான், அயோக்கியன் என்று சொல்லியிருக்கிறார். அண்ணா மறுநாள் காலை ஆறு மணிக்கே அங்கே போய் நின்றுவிட்டார். அறிக்கை இப்படி முடிந்தது: 'பைக் நேற்று நின்ற இடத்தில்தான் இன்றும் நிற்கிறது. கோலம்தான் வெள்ளிக்கிழமை என்பதால் இரண்டடி பெரிதாகியிருக்கிறது. பையன்மேல் தப்பு இல்லை. பச்சை.'

இதில் ஒரு பெரிய சங்கடம் இருந்தது. நம் ஊரில் ஒரு பையனைப் பற்றித் தெருவில் விசாரித்தால், அதற்கு ஒரே அர்த்தம்தான். பையன் எப்படி, வீட்டுக்கு எப்போது வருவான், குடி, சிகரெட் உண்டா என்று ஒரு மனிதர் காகிதமும் கையுமாகக் கேட்டால் கல்யாணத் தரகர் என்றுதான் நினைப்பார்கள். அண்ணா ஒரு தெருவுக்குப் போய்வந்தால் மறுநாள் அந்தத் தெருப் பையன் என் மேஜை முன்னால் வந்து நிற்பான். "ஸார், எங்க ஹவுஸ் ஓனர் எப்ப நிச்சயதார்த்தம்னு கேக்கறார். எங்க மாமா சேலத்துல இருந்து கிளம்பி வந்துட்டார். நான் என்ன பதில் சொல்றது?"

அல்சூரில் ஓர் அம்மாள், கேட்ட பையனைப் பற்றி அண்ணாவிடம் அரை மணி நேரம் குறை சொல்லியிருக்கிறார். முன்கோபி, சோம்பேறி, இவனுக்குப் பெண் கொடுக்கவே கொடுக்காதீர்கள் என்று. அண்ணா எழுதியிருந்தார்: 'மேற்படி அம்மாள் சொன்னதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அவருக்குக் கல்யாண வயதில் பெண் இருக்கிறது. பையனை வெளியே விட மனசில்லை.' நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினேன். ஷைலஜா மேடம் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து கேபினிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

எல்லாவற்றுக்கும் சிகரம், அவர் தன்னையே விசாரித்த கதை. ஃபைல்களைத் தொடுகிற வெளியாட்களையும் விசாரிக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தது. ஏஜென்ஸியில் வேறு ஆள் கிடையாது. அண்ணா தன் ஃபாரத்தைத் தானே எடுத்துக்கொண்டு ஒக்கலிபுரத்தில் தன் வீட்டுக் கதவைத் தட்டினார். மனைவி திறந்தார்.

"இன்னாங்க, சாவி எங்க?"

"அம்மா, இங்க இந்தப் பேர்ல ஒருத்தர் இருக்காரா? எத்தினி வருஷமா இருக்கார்?"

அந்த அம்மாள் கதவைச் சாத்திவிட்டார். அண்ணா அசரவில்லை. எதிர் வீடு, பக்கத்து வீடு எல்லாம் விசாரித்து எழுதினார்: 'நபரின் மனைவி ஒத்துழைக்கவில்லை. நபர் காலையில் போவதைப் பார்த்ததாகவும், திரும்பி வருவதைப் பார்த்ததில்லை என்றும் அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். மஞ்சள்.'

"அண்ணா, தனக்குத் தானே யாராவது மஞ்சள் போட்டுக்குவாங்களா? பச்சைன்னு எழுதிடறேன்" என்றேன்.

"ஐயோ, அது மட்டும் பண்ணாதீங்க ஸார். நாளைக்கு இன்னொருத்தருக்கு மஞ்சள் போட எனக்கு எப்படிக் கை வரும்?" என்று பதறிவிட்டார். மேடமே ஒருவரை ஒக்கலிபுரத்துக்கு அனுப்பி அவருக்குப் பச்சை வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. நான் அன்று சிரித்தாலும், இந்த ஆளிடம் என் ஃபாரம் போனால் நான் தொலைந்தேன் என்பது அன்றைக்கே உறுதியாகிவிட்டது.

ஐந்தாவது மாதம் ஒருநாள் மேடம் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "எல்லார்தும் போயிருக்கு. உன்து எங்கே?"

கட்டைக் கவிழ்த்தேன். என் ஃபாரம் அடியில் அமுங்கி இஸ்திரி போட்டதுபோல் இருந்தது. அண்ணாவிடம் கொடுக்கும்போது முடிந்த அளவு சாதாரணமாகச் சிரித்தேன்.

"என்னைத்தான் உங்களுக்கு நல்லாத் தெரியுமே அண்ணா. சும்மா இங்கயே உக்காந்து எழுதிடுங்களேன். எதுக்கு அலையறீங்க?"

"உங்களைத் தெரியும் ஸார். உங்க ஃபாரத்தைத் தெரியாதே" என்று சொல்லி, அதை மடித்து பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பத்து நாள் அவர் வரவில்லை. சாதாரணமாக ஓர் ஆளுக்கு இரண்டு நாள்தான். நண்பனுக்குப் போன் செய்தேன். "கூப்பிட்டார்டா. பிச்சு உதறிட்டேன். நீ இப்ப இருக்கற வேலைக்குப் போற வரைக்கும் அங்கதான் இருந்தே, உனக்கு வழியனுப்பு விழாகூட நடந்துச்சுன்னு சொல்லிட்டேன்" என்றான். பூட்டிக் கிடந்த கம்பெனியில் எனக்கு வழியனுப்பு விழா நடத்தியவனை என்ன செய்வது?

பதினோராவது நாள் அண்ணா வந்தார். வழக்கம்போல் தாள்களை என் மேஜையில் வைத்தார். ஆறு தாள்கள். முதல் தாளைப் படித்தேன்.

'நபர் சொன்ன இந்திரா நகர் கம்பெனி, நபர் சொன்ன தேதிக்கு எட்டு மாதம் முன்பே மூடப்பட்டது. வாட்ச்மேன் சொன்னது: ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் உடைத்தார்கள், அடுத்த நாள் யாரும் வரவில்லை. அந்த இடத்தில் இப்போது பெண்களுக்குப் புருவம் திருத்துகிறார்கள். வழியனுப்பு விழா நடந்ததாகச் சொன்ன நண்பர் சொல்வது உண்மை இல்லை. அந்த எட்டு மாதமும் நபர் காக்ஸ் டவுனில் ஒரு பேக்கரியில் வேலை பார்த்திருக்கிறார். ஃபாரத்தில் அதை எழுதவில்லை. சிவப்பு.'

அந்தத் தாளைச் சட்டென்று கவிழ்த்து வைத்தேன். எதிரே அவர் ஹெல்மெட்டோடு அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, மேடத்துக்குத் தமிழ் படிக்க வராது" என்றேன், குரலைத் தாழ்த்தி.

"தெரியும் ஸார்."

"நான் என்ன எழுதிக் குடுத்தாலும் அதுதான் ஃபைல்ல போகும்."

"அதுவும் தெரியும்."

"அப்புறம் ஏன் என்கிட்டயே கொண்டாந்து குடுக்கறீங்க?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "இதென்ன ஸார் பேச்சு? எல்லார்தும் நீங்கதானே எழுதறீங்க. உங்களுது மட்டும் வேற ஆள்கிட்ட குடுத்தா, உங்க மேல நம்பிக்கை இல்லைன்னு ஆயிடாதா? அது தப்பு." எழுந்து போய்விட்டார்.

நான் அரிச்சந்திரன் பரம்பரை இல்லை. அவர் லிஃப்டில் இறங்குவதற்குள் கம்ப்யூட்டரில் 'திருப்திகரம், பச்சை' என்று அடித்துவிட்டேன். ஒரு வரி. பிரிண்ட் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. மிச்சம் ஐந்து தாளில் என்னதான் எழுதியிருக்கிறார் என்று ஒரு குறுகுறுப்பு. புரட்டினேன்.

இரண்டாம் தாள் முழுவதும் லூர்து அங்கிள் பேசியிருந்தார். 'எட்டு மாசத்துல ஒரு நாள் லேட்டா வந்ததில்லை. அடுப்புப் பக்கம் ஆள் வராத அன்னிக்கு அவனே மாவு பிசைஞ்சான். பன் கல்லு மாதிரி வந்துச்சு. ஆனா பிசைஞ்சான். திரும்பி வந்தா நாளைக்கே எடுத்துக்குவேன்.' மூன்றாம் தாளில் சர்ச் தெருவில் குடியிருந்த ஓய்வுபெற்ற டீச்சர். அவருடைய அம்மாவுக்குப் பல் இல்லை என்று பிரெட்டின் ஓரத்தை நான் வெட்டிக் கொடுப்பேனாம். எனக்கே அது மறந்துபோயிருந்தது. இன்னும் இரண்டு வீட்டுக்காரர்களும் பேசியிருந்தார்கள். எல்லாரும் சொன்னதன் கீழே கையெழுத்து. கடைசித் தாளில் அண்ணா தன் கருத்தை எழுதியிருந்தார்: 'பேக்கரியில் நின்றதை எழுதினால் வேலை தரமாட்டார்கள் என்று பயந்து நபர் மறைத்திருக்கிறார். மறைத்தது தப்பு. ஆனால் பதினாறு பக்க ஃபாரத்தில் இந்த மாதிரி வேலையை எழுத ஒரு கட்டம்கூட இல்லை. அது ஃபாரத்தின் தப்பு. ஃபாரத்துக்கும் சிவப்பு போட வேண்டும்.'

அதுவரை என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை யாரும் காகிதத்தில் எழுதியதில்லை. பச்சை என்று ஒரு வரி அடித்தால் இந்த ஐந்து தாளும் குப்பைக் கூடைக்குப் போக வேண்டும். லூர்து அங்கிளையும் அந்த டீச்சரையும் எனக்குத் தெரியாது என்று நான் சொன்னதாகிவிடும். கண் கலங்கிவிட்டது, சொல்வதில் வெட்கம் இல்லை. அடித்த வரியை அழித்தேன். கல்லு மாதிரி வந்த பன்னையும் விடாமல் ஆறு தாளையும் மொழிபெயர்த்து, மேடத்தின் மேஜையில் வைத்துவிட்டு, என் டிராயரைக் காலி செய்ய ஆரம்பித்தேன். அதில் ஒரு ஸ்டேப்ளரும் பாதி பிஸ்கட் பாக்கெட்டும்தான் இருந்தன.

மேடம் கூப்பிட்டபோது மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார்.

"யாகப்பா, ஏன் இப்படிப் பண்ணே?"

"பேக்கரின்னு சொன்னா எடுக்க மாட்டீங்கன்னு நினைச்சேன் மேடம்."

"எடுத்திருக்க மாட்டேன்தான்" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது, பயமாகவும் இருந்தது. "இதை எல்லாம் நீயேதான் டிரான்ஸ்லேட் பண்ணியா?"

"ஆமா மேடம்."

"இந்த ரெட்டையும்?"

"ஆமா மேடம்."

இரண்டு நாள் காத்திருக்கச் சொன்னார். அந்த இரண்டு நாளில் மேலிடத்தில் என்ன பேசினாரோ தெரியாது. மூன்றாம் நாள் ஒரு கண்டிப்புக் கடிதம் கொடுத்தார். வேலை நிரந்தரமாவது மூன்று மாதம் தள்ளிப்போனது. ஃபாரத்தைத் திருத்தி உண்மையாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். பேக்கரி என்று எழுத எங்கேயும் கட்டம் இல்லாமல் பேனாவோடு முழித்துக்கொண்டிருந்தேன். மேடம் தாளை வாங்கிப் பார்த்தார், அட்ரஸ் அண்ணாவின் கடைசித் தாளையும் பார்த்தார். "புதுக் கட்டம் போடு" என்றார்.

அப்படித்தான் எங்கள் ஃபாரத்தின் ஒன்பதாம் பக்கத்தில், 'இடையில் செய்த பிற வேலைகள்' என்று ஒரு கட்டம் வந்தது. அதன் பிறகு வந்த ஃபாரங்களைப் பார்த்திருக்க வேண்டும்! ஒருவன் மாமாவின் சரக்கு ஆட்டோ ஓட்டியிருக்கிறான். ஒருத்தி வீடு வீடாகப் போய் ஹிந்தி டியூஷன் எடுத்திருக்கிறாள். ஜாவாவில் கெட்டிக்காரன் என்று நாங்கள் பொத்திப் பொத்தி எடுத்த பையன் ஒரு வருஷம் மாட்டுத் தீவனம் விற்றிருக்கிறான். மூடிய கம்பெனிகளில் வழியனுப்பு விழா நடப்பது நின்றே போனது. "இப்பல்லாம் ஒரே பச்சையா இருக்கு ஸார், பேஜாராகுது" என்று அண்ணாகூட அலுத்துக்கொண்டார்.

என் வேலை நிரந்தரமான கடிதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை லூர்து அங்கிளிடம் சொல்லலாம் என்று பேக்கரிக்குப் போனேன். கவுன்ட்டரில் நின்றபடியே அவர் சத்தம் போட்டார்.

"வாடா பர்மனென்ட்டு!"

"உங்களுக்கு எப்படி அங்கிள் தெரியும்?"

"நேத்தே அந்த ஹெல்மெட் ஆளு வந்து சொல்லிட்டாரே. நல்ல மழை. தொப்பலா நனைஞ்சுட்டு வந்தாரு. 'நீங்க சொன்னது வீண் போகலை, பையனுக்கு வேலை நிலைச்சுடுச்சு'ன்னாரு. டீச்சர் வீட்டுக்கும் போய்ச் சொன்னாராம். கையெழுத்துப் போட்ட மத்த ரெண்டு வீட்டையும் விடலை."

திங்கட்கிழமை அவர் தாள்களோடு வந்தபோது, நன்றி சொல்லத்தான் வாயெடுத்தேன். வேறு எதையோ கேட்டேன்.

"அண்ணா, விசாரிச்ச வீட்டுக்கெல்லாம் திரும்பிப் போய் முடிவைச் சொல்லிட்டு வருவீங்களா?"

"ஒவ்வொருத்தருக்கும் அப்படிப் போனா, வேலையை எப்ப ஸார் பாக்கறது?" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு, அடுத்த பத்து ஃபாரங்களை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

நான் ஜன்னலுக்குப் போய் நின்றேன். ஊர் வழக்கத்துக்காகத்தான் அவரை அதுவரை அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒற்றைப் பெடலை உதைத்து உதைத்து, மொபெட் ஒருவழியாகக் கிளம்பி அவர் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தபோது, கூடப் பிறந்தவர் வேலைக்குப் போவதைப் பார்ப்பதுபோல் இருந்தது.